அரசுத் தகவல் உங்கள் கைக்கு வரும் வழியில் உட்கார்ந்திருக்கும் குழுக்கள்

2004ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் நாடெங்கும் பல நூலகங்களுக்கு ஓர் உத்தரவு போனது. நீதித் துறையின் ஐந்து வெளியீடுகளை அலமாரியிலிருந்து எடுத்து அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. வழக்குகளில் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் நடைமுறை பற்றிய வெளியீடுகள் அவை. துறைக்குள் புழங்க வேண்டியவை, பொதுமக்களுக்காக எழுதியவை அல்ல என்பது நீதித் துறையின் வாதம். ஆனால் அந்த ஐந்தில் இரண்டில் இருந்தது வெறும் சட்ட வாசகம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி ஊரறிய வெளியிட்ட சட்டத்தை அழித்துவிடு என்றால் ஒரு நூலகர் என்னதான் செய்வார்?

நூலகர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் விளக்கம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல், அழிக்கச் சொன்ன அதே ஐந்து வெளியீடுகளையும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் எங்களுக்குத் தாருங்கள் என்று ஒரு விண்ணப்பமும் போட்டது. அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். சில நாட்களிலேயே நீதித் துறை உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன.

சரி, ஒரு துறை சொன்னால் நூலகங்கள் ஏன் கேட்க வேண்டும்? அந்தப் புத்தகங்கள் முதலில் எப்படி அங்கே போயின? எதிர்ப்பு இவ்வளவு வேகமாக ஒன்றுதிரண்டது எப்படி? இந்த மூன்று கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால் ஏதாவது ஒரு குழுவின் வாசலில்தான் போய் நிற்போம். ஒரு விஷயத்தைக் கிடப்பில் போட வேண்டுமானால் குழு அமைத்துவிடு என்று கேலி செய்வார்கள். இங்கே கதை கொஞ்சம் வேறு. அமெரிக்காவில் அரசு அச்சிட்ட ஒரு தாள் சாதாரண மனிதர் ஒருவரின் மேசைக்கு வருமா வராதா என்பதை இருநூறு ஆண்டுகளாகச் சின்னச் சின்னக் குழுக்கள்தான் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கின்றன.

கேட்டு வாங்குவது, கேட்காமல் வருவது

அரசுத் தகவல் என்றதும் ரகசியக் கோப்புகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் அதில் பெரும்பங்கு ரகசியமே இல்லாதது. சட்டங்கள், நாடாளுமன்ற விவாதப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கு, மண்வள வரைபடம், வரவு செலவுத் திட்டம், சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை என்று அது மலைபோல் குவிந்து கிடக்கிறது.

இதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்டு வாங்குவது. 1966ல் கையெழுத்தான தகவல் சுதந்திரச் சட்டம் அந்த வழி. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? அப்புறம், அந்தச் சட்டம் நிர்வாகத் துறைகளுக்குத்தான் பொருந்தும், காங்கிரஸுக்குப் பொருந்தாது. அதாவது சட்டம் போட்டவர்கள் தங்களை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வழி மிகப் பழையது: அரசு அச்சிடும்போதே ஒரு பிரதியை நாட்டின் பல மூலைகளிலுள்ள நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பிவிடுவது. யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அப்படிப் பெற்று வைத்திருக்கும் நூலகத்தை வைப்பு நூலகம் என்று சொல்லலாம்.

இதன் தொடக்கம் 1813. நாடாளுமன்ற இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளை மாநிலங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வரலாற்றுச் சங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. தலைநகரில் என்ன நடக்கிறது என்பதைத் தொலைவில் இருப்பவரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். மறு ஆண்டே, 1814 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்த காங்கிரஸ் நூலகத்தின் சுமார் 3,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

1861 மார்ச் 4 அன்று, ஆபிரகாம் லிங்கன் பதவியேற்ற அதே நாளில், அரசு அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1895ல் வந்த அச்சுச் சட்டம் ஆவணக் கண்காணிப்பாளர் என்ற பதவியை அந்த அச்சகத்துக்குள் கொண்டுவந்தது. எந்த நூலகத்துக்கு எது போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இன்று இந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 1,100 நூலகங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்கள், ஊர்ப் பொது நூலகங்கள், சட்டக் கல்லூரி நூலகங்கள், மாநில நூலகங்கள் என்று எல்லா வகையும் உண்டு.

நூலகம் ஒப்புக்கொள்ள வேண்டிய முக்கியமான நிபந்தனை இது: வருகிற யாருக்கும் இந்த ஆவணங்களைக் கட்டணமில்லாமல் காட்ட வேண்டும். தனியார் பல்கலைக்கழகமாகவே இருந்தாலும், மாணவர் அட்டை இல்லாதவரும் வந்து படிக்கலாம். அதற்குப் பதிலாகப் புத்தகம் இலவசம். ஆனால் இடம், அலமாரி, ஆள் எல்லாம் நூலகத்தின் செலவு. இன்னொரு விஷயம், வந்த புத்தகம் நூலகத்துக்குச் சொந்தமில்லை. அது என்றைக்கும் மத்திய அரசின் சொத்துதான். 2004ல் உத்தரவு வந்ததும் நூலகர்கள் அந்த உத்தரவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். புத்தகத்தின் சொந்தக்காரர் கேட்கிறார். ஆனால் அந்தச் சொந்தக்காரர் யாருடைய பெயரில் அதை வைத்திருக்கிறார் என்பதுதான் சண்டை.

போகிற போக்கில் ஒருவரைச் சொல்லிவிட வேண்டும். அடிலெய்டு ஹாஸி என்ற நூலகர், லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் வேலை பார்த்தபோது அரசு ஆவணங்களுக்கென்று ஒரு வகைப்பாட்டு முறையை உருவாக்கத் தொடங்கினார். 1895ல் அரசு அச்சகத்துக்குப் போனபோது அந்த முறையும் கூடவே போனது. பொருளை வைத்துப் பிரிக்காமல், வெளியிட்ட அலுவலகத்தை வைத்துப் பிரிக்கும் முறை அது. வேளாண் துறை வெளியிட்டது எல்லாம் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும். நாடாளுமன்றக் குழுக்களின் வெளியீடுகள் ‘ஒய் 4’ என்ற எண்ணில் தொடங்கும். ஒரு பழைய வைப்பு நூலகத்தில் ‘ஒய் 4’ வரிசையைத் தேடிப் பார்த்தால், குழுக்கள் எவ்வளவு பேசியிருக்கின்றன என்பது அலமாரியின் நீளத்திலேயே தெரிந்துவிடும்.

அதிகாரம் உள்ள குழுக்கள்

இந்த உலகத்தில் குழுக்கள் மூன்று தரம். முதலில், உண்மையாகவே கையில் சாவி வைத்திருக்கும் நாடாளுமன்றக் குழுக்கள்.

அச்சுக்கான கூட்டுக் குழு 1846ல் உருவானது. செனட்டிலிருந்து ஐந்து பேர், பிரதிநிதிகள் அவையிலிருந்து ஐந்து பேர். அரசு எதை, எங்கே, எவ்வளவு செலவில் அச்சிடுகிறது என்று பார்ப்பது அதன் வேலை. கேட்க வெறும் நிர்வாக வேலைபோல இருக்கும். ஆனால் 1977ல் நடந்ததைப் பாருங்கள். காகிதச் செலவையும் இடத்தையும் மிச்சப்படுத்த, ஆவணங்களை மைக்ரோஃபிஷ் தகடுகளாக நூலகங்களுக்கு அனுப்பலாம் என்று இந்தக் குழு அனுமதி கொடுத்தது. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தகட்டில் பல பத்துப் பக்கங்கள் அடங்கிவிடும். நூலகத்துக்கு இடம் மிச்சம். வாசகருக்கோ தனி இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய நிலை. தகவல் மறுக்கப்படவில்லை, சட்டமும் மாறவில்லை. வடிவம் மட்டும் மாறியது. படிக்க வருபவர்களில் எத்தனை பேர் பாதியில் எழுந்து போயிருப்பார்கள் என்பதை யாரும் எண்ணிவைக்கவில்லை.

நூலகத்துக்கான கூட்டுக் குழு என்று இன்னொன்றும் உண்டு. அதன் வேர் 1802வரை போகிறது. காங்கிரஸ் நூலகத்தைக் கண்காணிப்பது அதன் பொறுப்பு. நடைமுறையில் இந்த இரண்டு கூட்டுக் குழுக்களையும்விடப் பண ஒதுக்கீட்டுக் குழுக்களுக்குத்தான் பலம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன்.

காங்கிரஸ் நூலகத்துக்குள் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. 1914ல் தொடங்கியது, 1970ல் காங்கிரஸ் ஆராய்ச்சிச் சேவை என்று பெயர் மாறியது. உறுப்பினர்கள் வாக்களிப்பதற்கு முன்னால் விஷயத்தைப் புரிந்துகொள்ள, கட்சிச் சார்பில்லாமல் அறிக்கை எழுதித் தருவது அதன் தொழில். வரி, குடியேற்றம், நீர்ப் பங்கீடு, எதுவானாலும் தெளிவாக எழுதுவார்கள். செலவு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கும் மேல், எல்லாம் மக்கள் பணம். ஆனால் 2018வரை மக்களால் அதை நேரடியாகப் படிக்க முடியவில்லை.

தடை எங்கே இருந்தது தெரியுமா? ரகசியக் காப்புச் சட்டத்தில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு வாக்கியம் வரும்: இரு அவைகளின் நிர்வாகக் குழுக்களில் ஏதாவது ஒன்றின் முன் அனுமதி இல்லாமல் இந்த நிதியைப் பொது வெளியீட்டுக்குச் செலவிடக் கூடாது. அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் அந்த ஒரு வாக்கியம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், முன்னால் சொன்னேனே, காங்கிரஸுக்கு அது பொருந்தாது. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்டால் அவர் விரும்பினால் ஒரு பிரதி தரலாம். ஆனால் எந்தெந்த அறிக்கை இருக்கிறது என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? இந்த இடைவெளியில் சில தனியார் நிறுவனங்கள் அறிக்கைகளைச் சேகரித்து விற்றன. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம்போன்ற இடங்களில் நூலகர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள்.

நூலகச் சங்கங்கள் வருடக்கணக்காகக் கடிதம் எழுதின. சட்ட நூலகர்கள் எழுதினார்கள், வெளிப்படைத்தன்மைக்காகப் பாடுபடும் அமைப்புகளும் கூடச் சேர்ந்துகொண்டன. கடைசியில் 2018 மார்ச்சில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம், அறிக்கைகளைப் பொதுவில் வையுங்கள் என்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் காங்கிரஸ் நூலகத்தின் தளம் திறந்தது. பூட்டியது ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு வாக்கியம், திறந்ததும் அதே வகைச் சட்டத்தின் ஒரு வாக்கியம். இடையில் ஒரு தலைமுறை வாசகர்கள் வந்து போய்விட்டார்கள்.

நாடாளுமன்றக் குழுக்களின் சொந்தக் கூட்டங்களிலும் இதே கதைதான். ஒரு விசாரணைக் கூட்டம் நடந்தால் அதன் முழுப் பதிவை அச்சிடுவதா, எப்போது அச்சிடுவது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்கிறது. சில பதிவுகள் மாதக்கணக்கில் தாமதமாகும், சில வருடக்கணக்கில். சில வருவதே இல்லை.

ஆலோசனை சொல்லும் குழு

இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1972ல் அமைக்கப்பட்ட வைப்பு நூலக ஆலோசனைக் குழு. உறுப்பினர்கள் 15 பேர். ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுக் காலம், ஆண்டுதோறும் ஐந்து பேர் விலக ஐந்து பேர் வருவார்கள். நியமிப்பவர் அரசு வெளியீட்டு அலுவலகத்தின் இயக்குநர். இந்த அலுவலகம் வேறு எதுவும் அல்ல, பழைய அரசு அச்சகம்தான். அச்சு குறைந்து மின்வடிவம் பெருகிய பிறகு 2014 டிசம்பரில் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

இந்தக் குழுவால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. பரிந்துரை எழுதும், அலுவலகம் அதற்கு எழுத்தில் பதில் சொல்லும். பல்லில்லாத குழு என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில், அதுவும் பொதுவில் என்றால் அதற்கு ஒரு கனம் வந்துவிடும். ‘இந்தத் தலைப்பை அச்சில் நிறுத்தினீர்களே, அதன் மின்பிரதி எங்கே, எத்தனை காலம் இருக்கும்?’ என்ற கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொன்னால் அந்த மழுப்பலும் பதிவில் நிற்கும். ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் அதை எடுத்துக் காட்டுவார்.

குறையும் உண்டு. ஆலோசனை கேட்பவரே ஆலோசகர்களை நியமிக்கிறார். உறுப்பினராக வர நேரமும், விட்டுக்கொடுக்கும் முதலாளியும் வேண்டும். அதனால் பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் குரல் எளிதாகக் கேட்கும். இரண்டே பேர் வேலை செய்யும் சின்ன ஊர் நூலகத்துக்கு என்ன சிரமம் என்பது மேசைக்கு வராமலே போகலாம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே எந்தக் கேள்விகள் எழும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

சத்தம் போடும் குழுக்கள்

மூன்றாவது, நூலகர்களின் சொந்தச் சங்கக் குழுக்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1876ல் பிலடெல்பியாவில் தொடங்கியது. அதற்குள் அரசு ஆவண நூலகர்களுக்கென்று ஒரு வட்டமேசை 1972ல் உருவானது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிக் கோடார்ட் என்று அழைப்பார்கள். மத்திய ஆவணங்களுக்கு ஒரு பிரிவு, மாநில, உள்ளாட்சி ஆவணங்களுக்கு ஒன்று, பன்னாட்டு ஆவணங்களுக்கு ஒன்று, அதோடு சட்டமியற்றல் பற்றிக் கவனிக்க ஒரு குழு. இவர்கள் நடத்தும் இதழின் பெயரே ‘ஆவணங்கள் மக்களுக்கு’ என்ற பொருள் தரும்.

ஒரு குறை எப்படிக் குரலாக மாறுகிறது என்பதைப் பாருங்கள். ஏதோ ஒரு நூலகத்தில் ஒருவர், ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஒரு புள்ளிவிவரத் தொகுப்பு இந்த ஆண்டு வரவில்லையே என்று கவனிக்கிறார். சக நூலகர்களிடம் கேட்கிறார், அவர்களுக்கும் வரவில்லை. விஷயம் வட்டமேசையின் குழுவுக்குப் போகிறது. அவர்கள் ஒரு தீர்மான வரைவு எழுதுகிறார்கள். அது சங்கத்தின் சட்டமியற்றல் குழுவுக்கும், அங்கிருந்து சங்கத்தின் ஆட்சிமன்றத்துக்கும் போய் வாக்கெடுப்பாகிறது. நிறைவேறினால், சங்கத்தின் வாஷிங்டன் அலுவலகம் அதை உரிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோகிறது. மெதுவான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பாதை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பதால்தான் 2004 ஜூலையில் சில நாட்களில் எதிர்ப்புக் கிளம்ப முடிந்தது. வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டத் தொடங்கினால் ஆகாது.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நூலகங்கள் பட்ட பாடு இதற்கு நல்ல சான்று. 2007 நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இந்த நூலகங்களுக்கு 20 லட்சம் டாலர் வெட்டு முன்மொழியப்பட்டது. காங்கிரஸ் முடிவெடுக்கும் முன்பே, முகமை 2006ல் கதவுகளைச் சாத்தத் தொடங்கிவிட்டது. சிகாகோ, டல்லஸ், கன்சாஸ் சிட்டி ஆகிய வட்டார நூலகங்கள் மூடின, தலைமையக நூலகத்தின் வாசகர் அறையும் மூடியது. நச்சுப் பொருள், மாசு, நிலத்தடி நீர் பற்றிய பழைய ஆய்வுகள் பெட்டிகளுக்குள் போயின. எல்லாவற்றையும் மின்வடிவமாக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். மின்வடிவமாக்கிய பிறகு மூடுவது ஒன்று, மூடிய பிறகு மின்வடிவமாக்குவோம் என்பது வேறொன்று. 2007ல் நூலகச் சங்கத்தின் அன்றைய தலைவர் லெஸ்லி பர்கர் செனட் குழு முன்பு சாட்சி சொன்னார். முகமைக்குள்ளேயே இருந்த விஞ்ஞானிகளும் பேசினார்கள். மீண்டும் திறக்கும்படி காங்கிரஸ் சொன்னது, 2008ல் திறந்தார்கள். முதல் வகைக் குழுவிடம் அதிகாரம் இருந்தது, மூன்றாம் வகைக் குழுவிடம் விவரம் இருந்தது. இரண்டும் ஒரே அறையில் சந்தித்ததால் நடந்த காரியம் இது.

சின்ன முடிவுகள், நீண்ட நிழல்

ஊர்ச் செய்தித்தாளில் வராத முடிவுகள்தான் இதில் அதிகம். 1922வரை வைப்பு நூலகம் என்றால் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, தேவையானதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. சின்ன நூலகங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரித் தேர்ந்தெடுத்தால், யாருமே தேர்ந்தெடுக்காத தலைப்புக்கு என்ன கதி?

1962ல் வந்த வைப்பு நூலகச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு மாநிலத்தில் இரண்டுவரை வட்டார நூலகங்கள் இருக்கலாம், அவை எல்லாவற்றையும் வாங்கி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். மற்ற நூலகங்கள் ஐந்து ஆண்டு வைத்திருந்த பிறகு, வட்டார நூலகத்தின் அனுமதியோடு கழிக்கலாம். கழிப்பதற்கு முன் பட்டியல் போட்டு, வேறு நூலகத்துக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். நூலக வேலையிலேயே அலுப்பூட்டும் வேலை இந்தப் பட்டியல் போடுவதுதான் என்பார்கள். ஆனால் ஒரு நாட்டின் ஞாபகத்தில் எது நிற்கும், எது உதிரும் என்பது அந்தப் பட்டியல்களில்தான் நடக்கிறது.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்: தப்பியோடிய ஆவணங்கள். இந்தத் துறையில் உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டப்படி நூலகங்களுக்கு வந்திருக்க வேண்டியது, வராமல் போனவை. ஒரு துறை தன் அறிக்கையை அரசு அச்சகத்துக்கு அனுப்பாமல் தானே அச்சடித்தாலோ, தனியாரிடம் கொடுத்தாலோ, தன் இணையப் பக்கத்தில் மட்டும் போட்டாலோ அது திட்டத்தின் வலையில் விழாது. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, ஒரு அலுவலர் சோம்பலாக இருந்தால் போதும். அச்சுக்கான கூட்டுக் குழுவுக்கு முன்னொரு காலத்தில் துறைகளைப் பிடித்து இழுத்துவரும் பலம் இருந்தது. 1983ல் உச்ச நீதிமன்றம் ஒரு குடியேற்ற வழக்கில், நிர்வாகத் துறையின் முடிவுகளைக் காங்கிரஸின் ஓர் அவை மட்டும் ரத்து செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்ட நிர்வாகத் துறை, இந்தக் குழுவுக்கும் நாங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை என்று வாதாடத் தொடங்கியது. நூலகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு, நூலக அலமாரியில் ஓட்டை போட்ட கதை இது.

காகிதம் போன பிறகு

1993ல் ஒரு சட்டம், நாடாளுமன்றப் பதிவையும் அரசின் அன்றாட அறிவிப்பிதழையும் இணையவழி கொடுக்கும்படி அரசு அச்சகத்தைப் பணித்தது. 1994 ஜூனில் சேவை தொடங்கியது. வைப்பு நூலகங்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம். 1995 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம் என்று ஆனது. இன்றைக்கு ‘கவ்இன்ஃபோ’ என்ற தளத்தில் சட்டம், தீர்ப்பு, விவாதம் எல்லாம் உலகின் எந்த மூலையிலிருந்தும் கிடைக்கிறது. 2022ல் அமைக்கப்பட்ட ஒரு பணிக்குழு, முழுத் திட்டமுமே மின்வடிவுக்கு மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு வெளியீட்டு அலுவலகமும் அந்த வழியில் போகத் தொடங்கிவிட்டது.

வாசகருக்கு இது பெரிய லாபம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மைக்ரோஃபிஷ் இயந்திரத்துக்கு யாரும் ஏங்கப் போவதில்லை. ஆனால் ஆவண நூலகர்களின் குழுக்களில் திரும்பத் திரும்ப எழும் ஒரு கவலையைப் புரிந்துகொள்ள, 2001 அக்டோபருக்குப் போக வேண்டும். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து சில வாரங்கள். நாட்டின் பெரிய குடிநீர் ஆதாரங்கள் பற்றிப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்டிருந்த ஒரு குறுந்தகட்டை அழித்துவிடும்படி வைப்பு நூலகங்களுக்குக் கடிதம் போனது. நூலகங்கள் அழித்தன. அது சரியா தவறா என்று அன்றைக்கே விவாதம் நடந்தது. விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம், கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. தகடுகள் வெளியே, பலர் கையில் இருந்தன. ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே தகவல் ஒரே சர்வரில் மட்டும் இருந்தால் கடிதம் தேவையில்லை. ஒருவர் ஒரு பக்கத்தை நீக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. எதிர்க்க நினைப்பவருக்கு எதை எதிர்ப்பது என்றே தெரியாது.

இதற்குக் குழுக்கள் கண்ட வழிகளில் ஒன்று, ஆட்சி மாறும் நேரத்தில் அரசு இணையதளங்களைப் படம் பிடித்து வைப்பது. 2008ல் தொடங்கிய இந்த முயற்சியில் காங்கிரஸ் நூலகம், அரசு அச்சகம், கலிஃபோர்னியா மின்நூலகம், வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவை கைகோத்தன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இது தொடர்கிறது. இன்னொன்று, ‘கவ்இன்ஃபோ’வில் உள்ள ஆவணங்களின் பிரதிகளைச் சில நூலகங்கள் தங்கள் சொந்தக் கணினிகளிலும் வைத்துக்கொள்வது. அந்தக் கணினிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று பேசி, பிரதிகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கின்றன. எங்காவது ஒன்று மாறியிருந்தால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இதில் சேர்ந்திருப்பவை ஆயிரத்துச் சொச்சம் வைப்பு நூலகங்களில் சிறு பகுதிதான். சேருங்கள் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நூலகமும் தன் குழுவைக் கூட்டி, இடமும் மின்சாரமும் ஆளும் கணக்குப் பார்த்து, தானாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.